கார்த்திகைக்குக் காய்ந்த பனை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அக்டோபர், நவம்பர் வந்தால் பிள்ளைகள் உதிர்ந்த மேப்பிள் இலைகளைப் பொறுக்கி அட்டையில் ஒட்டி வாழ்த்து மடல் செய்வார்கள். நம்மூரில் அப்போது அடைமழை. பழந்தமிழர் பிரித்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர் காலம் என்று ஒன்றே கிடையாது. அதற்காக நம்மிடம் அந்தப் பருவத்துக் கைவேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் காய்ந்ததை ஒட்டுகிறார்கள், நாம் கொளுத்துகிறோம் :-)

கார்த்திகை தீபத்தன்று கோயில் வாசலில் எரியும் சொக்கப்பனையைப் பார்த்திருப்பீர்கள். பனைமரத் துண்டு ஒன்றை நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலையைக் கூம்பு மாதிரி கட்டுவார்கள். எரிந்து முடிந்ததும் மிச்சக் குச்சியை வயலில் கொண்டுபோய்ப் போடுவதும் உண்டு.

எனக்கு அதைவிடப் பிடித்தது மாவலி. பிள்ளைச்சாவடியைச் சுற்றியுள்ள விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் இதைத் தெரியாத கிராமத்துப் பெரியவர் இருக்கமாட்டார். ஆண் பனையின் காய்ந்த பூந்தண்டுகளைப் பொறுக்கி, குழியில் போட்டு எரித்து, கனன்று கொண்டிருக்கும்போதே மண்ணைப் போட்டு மூட வேண்டும். காற்று புகுந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான். கரியைப் பொடித்து, பருத்தித் துணியில் வைத்து இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டுவார்கள். பனை மட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் இதைச் செருகி, கயிறு கட்டி, நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்குமேல் சுற்றினால் பொறி வட்டம் வட்டமாகப் பறக்கும். மழையில் கரி நமுத்துப் போனால் அந்த வருடம் அவ்வளவுதான்!

இதில் வெடியுப்பும் இல்லை, கந்தகமும் இல்லை. வெறும் கரியும் காற்றும். 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் பார்த்த வாணவேடிக்கையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே 1920களில்தான் தொடங்கியது. கார்த்திகை விளக்கோ அகநானூற்றிலேயே (141ஆம் பாட்டு, நக்கீரர்) வந்துவிடுகிறது. நெருப்போடு விளையாட நம் ஆட்கள் வெடிமருந்து வரும்வரை காத்திருக்கவில்லை என்பது என் கட்சி.

பி.காம். படிக்கிறவன் கணக்கில் சொன்னால், மாவலிக்குச் செலவு பழைய துணியும் நூலும்தான். முதலீடு மரம். அதுதான் குறைந்துகொண்டே வருகிறது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள், நல்ல விஷயம். ஆனால் ஏற்கெனவே போன மரத்துக்குப் பதிலாக இன்று ஒரு பனங்கொட்டையை ஊன்றினால், அது பூக்கவே 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். பூத்த பிறகுதான் ஆணா பெண்ணா என்பதே தெரியும். பெண் என்றால் நுங்கு உண்டு, மாவலி கிடையாது.