எல்லைகளுக்கு அப்பால் ஒரு குரல்: வானொலி நடிகை மோஹினி ஹமீத்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய தோல் வணிக ஊர்களில் தமிழும் உருதும் பல தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்து வருகின்றன. இங்கு உருதின் வரலாற்றைப் பேசுவோர் மதரஸாக்களையும் முஷாயிராக்களையும், 1919இல் வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரியையும் நினைவுகூர்வர். அம்மொழியை எழுத்தறியாதவர் செவியிலும் சேர்த்த வானொலி நாடகமும், அதற்குக் குரல் தந்த பெண்களும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. அப்பெண்களின் முன்வரிசையில் நின்றவர் மோஹினி ஹமீத்.

அவர் 1922ஆம் ஆண்டு பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்திலுள்ள பட்டாலாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் மோஹினி தாஸ். அகில இந்திய வானொலியின் லாகூர் நிலையம் 1937 டிசம்பர் 16இல் தொடங்கியது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. வானொலி இளமையாயிருந்த அக்காலத்திலேயே அவர் லாகூர் நிலையத்தில் சேர்ந்தார்.

அன்றைய நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. பிழையைத் திருத்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. கையிலுள்ள தாளின் சலசலப்பும் கேட்போரை எட்டிவிடும். உடையும் ஒப்பனையும் விழியசைவும் துணை நில்லாத இடத்தில், பாத்திரத்தின் வயதையும் குலத்தையும் மனத்தையும் குரல் ஒன்றே உணர்த்த வேண்டும். இம்தியாஸ் அலி தாஜின் புகழ்பெற்ற 'அனார்கலி' நாடகத்தில், பொறாமையால் சூழ்ச்சி செய்யும் தில்ஆராம் பாத்திரத்துக்கு அவர் குரல் தந்தார். அதே குரல் சிறுவர் நிகழ்ச்சியில் 'ஷமீம் ஆபா'வாக மாறிக் குழந்தைகளைக் கவர்ந்தது. ஆபா என்றால் அக்கா. உருது பேசும் நம் இல்லங்களிலும் புழங்கும் அவ்வுறவுச் சொல்லே அவருக்குப் புகழ்ப்பெயராயிற்று.

1947 ஆகஸ்ட் 14ஆம் நாள் நள்ளிரவில் லாகூர் நிலையம் பாகிஸ்தானின் வானொலியாயிற்று. முஸ்தஃபா அலீ ஹம்தானி அதனை உருதுவில் அறிவித்தார். ஆகஸ்ட் 17இல் எல்லைத் தீர்ப்பு வெளியானபோது குர்தாஸ்பூர் மாவட்டத்தின் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. பட்டாலாவும் அதனுள் அடங்கும். மோஹினி ஹமீதின் பணியிடம் ஒரு நாட்டிலும் பிறந்த ஊர் மற்றொரு நாட்டிலும் ஆயின. அவருடைய மொழியோ இரு நாடுகளிலும் எஞ்சியது. தென்னிந்தியாவில் தங்கிவிட்ட உருது முஸ்லிம்களுக்கு இந்நிலை புரியாததன்று. தம் ஊரை விட்டு நகராமலே, தம் மொழியின் பெருநிலையங்களுள் ஒன்று அயல்நாட்டு நிலையமாவதை அவர்கள் கண்டனர்.

முகம் காட்டாத ஊடகமாதலால், மேடையையும் திரையையும் விலக்கிய குடும்பங்களுக்குள்ளும் வானொலி நுழைந்தது. திரைக்குப் பின்னிருந்த பெண்களும் கலையின் சுவைஞர்களாயினர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் முஸ்லிம் சிறுவர்களுக்கு அக்காவானதும் அவ்வழியேதான். பாகிஸ்தான் அரசு தம்கா-ஏ-இம்தியாஸ் விருதளித்து அவரைச் சிறப்பித்தது. 1964 நவம்பர் 26இல் லாகூரில் தொலைக்காட்சி தொடங்கியபோது அதில் முதன்முதல் தோன்றியவர்களுள் ஒருவர் அவருடைய மகள் கன்வல் நஸீர். தாய் குரலால் மட்டுமே நுழைந்த வீடுகளுக்குள் மகள் முகத்தோடு நுழைந்தார்.

முதுமையில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மோஹினி ஹமீத் 2009 மே மாதம் சியாட்டிலில் காலமானார். நூல் எழுதியவர் மறைந்தாலும் நூல் எஞ்சும். நேரடியாக ஒலித்து ஓய்ந்த நாடகமோ கேட்டவர் நினைவிலன்றி வேறெங்கும் எஞ்சுவதில்லை. அந்நினைவைத் தாங்கிய தலைமுறை நம்மிடையேயும் குறைந்து வருகிறது. தோல் வணிக ஊர்களின் வீடுகளில் எந்த நிலையங்கள் ஒலித்தன, பெண்கள் எந்நேரத்தில் செவிமடுத்தனர், எந்தக் குரலை அடையாளம் கண்டனர் என்பவற்றை முதிய பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். ஊர் வரலாறு எழுதுவோரும் கல்லூரிகளின் உருது, தமிழ்த் துறையினரும் இணைந்து செய்யத்தக்க பணி இது. அவர்கள் இருக்கும்போதே அது தொடங்கப்பட வேண்டும்.