டான்சோனும் நான்கு கிளாரினெட்டும்

கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் 1879 ஜனவரி 1 அன்று, மிகேல் ஃபாயில்தே என்ற கார்னெட் கலைஞர் தன் குழுவோடு ஒரு புதிய உருப்படியை வாசித்தார். பெயர் 'லாஸ் அல்துராஸ் தெ சிம்ப்சன்'. சிம்ப்சன் அவ்வூர்ப் பேட்டைகளில் ஒன்று. டான்சோன் நடன இசைக்குக் கியூபர்கள் சொல்லும் பிறந்தநாள் அதுதான்.

அதன் தாளம் இன்னும் பழையது. ஹைட்டிப் புரட்சியின்போது கிழக்குக் கியூபாவுக்கு ஓடிவந்தவர்களோடு சேர்ந்து வந்தது என்பார்கள். பெயர் சிங்கீயோ, எட்டு மாத்திரைக்குள் ஐந்து தட்டு. 'தகிட தகிட தக' என்று சொல்லி, 'கி' இரண்டையும் கடைசிக் 'க'வையும் விழுங்கிவிட்டால் அதேதான். அடுத்த எட்டு மாத்திரையில் சமமான நான்கு தட்டு. இவை இரண்டும் மாறிமாறி வரும்.

ஃபாயில்தே காலத்துக் குழுக்களில் பித்தளைக் கருவிகள், வயலின், டிம்பனி, சுரைக்குடுக்கையைக் கீறி வாசிக்கும் குய்ரோ ஆகியவற்றோடு இரண்டு கிளாரினெட்டும் இருக்கும். 'பசேயோ' என்ற தொடக்கப் பகுதியில் யாரும் ஆடமாட்டார்கள். ஜோடிகள் நின்று விசிறிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். அந்த வெயிலூரில் கோட்டு மாட்டிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு வேறென்ன வழி! பிறகு மெட்டு கிளாரினெட்டுக்குப் போகும், மறுபடி பசேயோ, அடுத்து வயலின்.

1910இல் ஹொசே உர்ஃபே 'எல் பொம்பின் தெ பர்ரேத்தோ' என்ற டான்சோனின் முடிவில், கியூபாவின் இன்னொரு நடன இசையான சோனின் துள்ளலைச் சேர்த்தார். அவரே கிளாரினெட் கலைஞர். ஆனால் புல்லாங்குழலும் பியானோவும் கொண்ட சராங்கா குழுக்கள் பெருகப் பெருக, கிளாரினெட்டுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

டான்சோன் இதற்குள் மெக்சிகோவிலும் வேரூன்றியிருந்தது. அங்கே 1994இல் அரங்கேறிய, இசையமைப்பாளர் அர்த்துரோ மார்க்கேஸின் 'டான்சோன் எண் 2' தனிக் கிளாரினெட்டோடுதான் தொடங்குகிறது. வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளைஞர் இசைக்குழு அதை உலகெங்கும் கொண்டுபோனது.

மூன்று பி-ஃபிளாட் கிளாரினெட்டும் ஒரு பேஸ் கிளாரினெட்டும் கொண்ட மாணவர் நால்வருக்கு இந்த இசை அருமையாகப் பொருந்தும். தாளக் கருவி கிடையாது. ஆகவே சிங்கீயோவை யாராவது ஒருவர் நாக்காலேயே தாங்கியாக வேண்டும். வழக்கமாக நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கும் மூன்றாவது மாணவருக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். ஐந்து தட்டு சரியாக வந்தவுடன், அடுத்து வரும் சமமான நான்கில் எல்லோரும் ஓடத் தொடங்குவார்கள். பயிற்சி அங்கேதான் தேவை. பசேயோ திரும்பும் ஒவ்வொரு முறையும் முதல் பாகத்தை இன்னொருவர் வாசிக்கட்டும்.

புகழ் பெற்றது என்பதற்காக மார்க்கேஸிடம் தொடங்காதீர்கள். அதில் தாளம் அடிக்கடி மாறும். ஃபாயில்தேயிடம் தொடங்குங்கள். அவர் 1921இல் மறைந்தவர் என்பதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை, நால்வருக்கேற்ப நீங்களே எழுதிக்கொள்ளலாம்.