லேப்பராஸ்கோப்பி மாதிரிப் பயிற்சி

லேப்பராஸ்கோப்பி மாதிரிப் பயிற்சி என்பது, சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சைக்கான கைத்திறனைப் பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் நோயாளியைத் தொடும் முன்பே பயிற்சிப் பெட்டியிலும் கணினிச் சிமுலேட்டரிலும் பழகும் முறை. அமெரிக்காவின் ‘எஃப்.எல்.எஸ்.’ திட்டம் இதில் பரவலாக அறியப்பட்டது.

பின்னணி

ஜெர்மானிய மருத்துவர் எரிக் மூவே 1985இல் லேப்பராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றினார். 1990களின் தொடக்கத்தில் இம்முறை வேகமாகப் பரவியபோது பித்தநாளக் காயங்களும் கூடின. திறந்த அறுவை சிகிச்சையில் தேர்ந்தவர்களுக்கும் இது புதிய வித்தை. வயிற்றுத் துளையே நெம்புமையமாக அமைவதால், கை வலப்பக்கம் போனால் கருவியின் முனை இடப்பக்கம் போகும். வழக்கமான திரையின் தட்டையான படத்தில் ஆழத்தைக் கணிப்பது கடினம். திசுவின் இறுக்கமும் விரலுக்குச் சரியாக எட்டாது. மூத்தவர் அருகில் நின்று பார்ப்பதால் மட்டும் இது கைவராது.

பயிற்சிப் பெட்டி

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஃப்ரைடு குழுவினர் 1990களில் உருவாக்கிய பயிற்சியே எஃப்.எல்.எஸ்.ஸின் செய்முறைத் தேர்வுக்கு அடித்தளம். அத்தேர்வில் ஐந்து பணிகள் உள்ளன: வளையங்களை இடம் மாற்றுதல், துணியில் வரைந்த வட்டத்தைக் கோடு பிசகாமல் வெட்டுதல், சுருக்குக் கண்ணியிட்டு இறுக்குதல், முடிச்சை வெளியே போட்டு உள்ளே தள்ளுதல், உள்ளேயே முடிச்சிடுதல்.

முதல் பணியில் ஆறு வளையங்கள் உண்டு. பழக்கம் குறைந்த கையின் கருவியால் ஒன்றை எடுத்து, எதிலும் ஊன்றாமல் மற்றக் கருவிக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்ட வேண்டும். ஆறும் முடிந்ததும், கைகளின் வரிசையை மாற்றி அவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முடிச்சிடும் கடைசி இரு தையல் பணிகளில், மென்ரப்பர் குழாயில் குறித்த இரு புள்ளிகள் வழியே ஊசி செல்ல வேண்டும். ஊசி விலகினாலும் முடிச்சு நழுவினாலும் மதிப்பெண் குறையும். வேகம், துல்லியம் இரண்டும் கணக்கில் சேரும்.

பயன்

யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. கணினிச் சிமுலேட்டரில் பழகியவர்கள் கல்லீரலிலிருந்து பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்களிடம் பித்தப்பையைக் காயப்படுத்துவது, வேறு திசுவைச் சுடுவது போன்ற பிழைகள் நேர வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. பின்னர் அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியம், தன் சான்றிதழுக்கு எஃப்.எல்.எஸ். தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது.

செலவும் வரம்பும்

கணினிச் சிமுலேட்டரின் விலை அதிகம். ஆனால் ஒரு பெட்டி, வெப்கேமரா, பழைய கருவிகள் இருந்தாலே சிறிய மருத்துவமனையிலும் அடிப்படைப் பயிற்சியைத் தொடங்கலாம். எத்தனை மணி நேரம் பழகினார் என்பதைவிட, நிர்ணயித்த தேர்ச்சி அளவை எட்டினாரா என்பதே முக்கியம். உடற்கூறு மாறுபாட்டைக் கண்டுகொள்வதும், எப்போது திறந்த அறுவை சிகிச்சைக்கு மாறுவது என்று முடிவெடுப்பதும் மூத்தவரின் மேற்பார்வையில் அறுவை அரங்கில்தான் கைகூடும். ஆனால், ஊசி பிடிக்கக் கற்கும்போது நேரும் தொடக்கப் பிழைகளை நோயாளியின் உடல் தாங்க வேண்டியதில்லை; அவற்றுக்குரிய இடம் பயிற்சிப் பெட்டியே.