முட்டையிடும் பாலூட்டியை நம்ப 85 வருடம்

அவுஸ்திரேலியாவில் இருக்கிற பிள்ளைகள், உங்கள் உண்டியலைத் திறந்து 5 சத நாணயம் ஒன்றையும் 20 சத நாணயம் ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் படத்தைத் தேடிப் பார்க்கலாம். 5 சதத்தில் முள் முள்ளாக இருப்பது எக்கிட்னா. 20 சதத்தில் நீந்திக்கொண்டிருப்பது பிளாட்டிபஸ். வாத்தின் அலகு போன்ற வாய் இருப்பதால் தமிழில் அதை வாத்தலகி என்பார்கள். 1966இல் இந்த நாட்டுக்கு டொலர் வந்தபோதே இரண்டும் நாணயத்தில் ஏறிவிட்டன.

இரண்டும் பாலூட்டிகள். இரண்டும் முட்டையிடும்.

தமிழ்ப் பள்ளியில் நாங்கள் படித்தது, "குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு பாலூட்டி" என்பதுதான். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். அந்த வசனத்தில் பாதி மட்டும்தான் கட்டாயம். எந்தப் பாதி என்பதை முடிவு செய்ய ஐரோப்பாவின் பெரிய பெரிய அறிஞர்களுக்கு 85 வருடம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர். சுவீடன் நாட்டில் கார்ல் லின்னேயஸ் என்றொருவர் இருந்தார். உலகத்தில் உள்ள உயிர்களை எல்லாம் வகைப்படுத்தி எழுதுவதே அவர் வேலை. தொடக்கத்தில் அவர் நம் கூட்டத்துக்கு வைத்த பெயர் 'நாலுகாலிகள்' என்ற பொருள் உள்ளது. அந்தப் பட்டியலில் திமிங்கலம் இல்லை, அது மீன்களோடு இருந்தது. 1758இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அவர் எல்லாவற்றையும் மாற்றினார். காலை எண்ணுவதை விட்டுவிட்டு, தாய் பால் கொடுக்கிறதா என்று பார்த்தார். திமிங்கலமும் நம்மோடு வந்து சேர்ந்தது. மார்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து புதுப் பெயரையும் உண்டாக்கினார். 'பாலூட்டி' என்ற நமது தமிழ்ச் சொல் அதைவிட நேரானது என்பது என் எண்ணம். லத்தீன் பெயர் உறுப்பைச் சொல்கிறது, நம்முடையது வேலையைச் சொல்கிறது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

லின்னேயஸ் 1778இல் இறந்துபோனார். வாத்தலகியை அவர் பார்த்ததே இல்லை.

1797இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ஜோன் ஹண்டர், ஹோக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் ஒரு குளக்கரையில், பூர்வீகக் குடிமகன் ஒருவர் ஈட்டியோடு பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்த்தார். மூச்சு வாங்க மேலே வந்த ஒரு வாத்தலகியை அவர் குத்திப் பிடித்தார். அடுத்த வருடம் ஹண்டர் ஒரு தோலை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். இப்படி அங்கே போய்ச் சேர்ந்த தோல்களில் ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஜோர்ஜ் ஷாவின் கைக்கு வந்தது.

அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? மயிர் அடர்ந்த உடம்பு, வாத்து அலகு, தட்டை வால், சவ்வுக் கால். அந்தக் காலத்தில் குரங்கு உடலையும் மீன் வாலையும் சேர்த்துத் தைத்து, 'கடற்கன்னி' என்று மாலுமிகளிடம் விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. ஷாவுக்கும் சந்தேகம் வந்தது. அலகு எங்காவது தைக்கப்பட்டிருக்கிறதா என்று கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். மிக நுணுக்கமாகச் சோதித்த பிறகே நம்பியதாக அவரே எழுதினார். 1799இல் அதற்கு விஞ்ஞானப் பெயரும் வைத்தார்.

விலங்கு உண்மை என்று ஆகிவிட்டது. அடுத்த கேள்வி, அதை எந்தப் பெட்டியில் போடுவது? 1802இல் எவரார்ட் ஹோம் என்ற மருத்துவர் அதை அறுத்துப் பார்த்தார். சிறுநீர், மலம், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் வெளியே ஒரே துவாரம். சிரிக்காதீர்கள், கோழிக்கும் பல்லிக்கும் அப்படித்தான். அடுத்த வருடம் பிரான்சில் ஜொஃப்ருவா சாந்த் இலேர் இந்தக் கூட்டத்துக்கு 'ஒற்றைத் துவாரம்' என்று பொருள்படும் மோனோட்ரீம் என்ற பெயரைக் கொடுத்தார். முலைக்காம்பு இல்லை, ஆகவே இது பாலூட்டி அல்ல, முட்டைதான் இடும் என்பது அவர் கட்சி.

1824இல் ஜெர்மனியைச் சேர்ந்த மெக்கல் பால் சுரப்பிகளைக் கண்டுபிடித்தார். ஜொஃப்ருவா விடவில்லை. காம்பு இல்லாமல் பால் எப்படி வரும், இது வேறு ஏதோ சுரப்பி என்றார். 1830களின் தொடக்கத்தில், நியூ சவுத் வேல்ஸில் இருந்த மௌல் என்ற படை அதிகாரி, வயிற்றுத் தோலில் உள்ள சின்னத் துளைகள் வழியாகப் பால் கசிவதைக் கண்டு எழுதினார். லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர் அதை ஏற்றுக்கொண்டார். உறுப்பு எப்படி இருந்தால் என்ன, வேலை நடக்கிறதே!

இனிச் சண்டை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பால் இருந்தால் முட்டை இருக்காது, முட்டை இருந்தால் பால் இருக்காது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்காரரும் ஒற்றுமையாக இருந்தார்கள்! பாலை ஒப்புக்கொண்ட ஓவன், அதனாலேயே முட்டையை மறுத்தார். முட்டை தாயின் உள்ளேயே பொரித்துக் குட்டியாக வெளியே வரும் என்பது அவர் வாதம். நான் கணினி வேலை செய்பவன். ஒரு படிவத்தில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள் வைத்துவிட்டு, மூன்றாவது மாதிரி ஆள் வந்தால் அவரைப் பிழை என்று காட்டும் மென்பொருள்கள் எனக்கு நன்றாகத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

இந்தக் கதையில் எனக்குக் கோபம் வரும் இடம் இனித்தான். அவுஸ்திரேலியாவின் பூர்வீகக் குடிமக்களுக்கு விடை முன்பே தெரியும். 1822இலேயே பாட்ரிக் ஹில் என்ற மருத்துவர், கூக்கூகொங் என்ற குடித் தலைவர் தன்னிடம் சொன்னதை எழுதி அனுப்பினார். இந்த விலங்கு கோழிமுட்டை போல இரண்டு முட்டை இடும் என்பது தங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்றார் அவர். பத்து வருடம் கழித்து வளைகளைத் தோண்டிப் பார்க்கப் போன ஜோர்ஜ் பெனட்டிடமும் முட்டைக் கதை சொல்லப்பட்டது. பெனட் நம்பவில்லை. 1864இல், விக்டோரியாவில் பிடித்துவைத்த ஒரு வாத்தலகி இரண்டு முட்டை இட்டதாக ஓவனுக்குக் கடிதமே போனது. பயத்தால் நேர்ந்த குறைப்பிரசவம் என்று ஓவன் விளக்கம் சொல்லிவிட்டார். நாள்தோறும் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களைவிட, ஆற்றையே காணாதவரின் சொல்லுக்கு அப்போது எடை அதிகம்.

1884இல் கேம்பிரிட்ஜில் இருந்து வில்லியம் கால்ட்வெல் என்ற இளம் விஞ்ஞானி குயின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றுக்கு வந்தார். சுமார் 150 பூர்வீகக் குடிமக்கள் அவருக்காக வேலை செய்தார்கள். விலங்குகளைத் தேடிப் பிடித்தது பெரும்பாலும் அவர்கள்தான். நூற்றுக்கணக்கில் கொல்லவும் பட்டன, அதையும் மறைக்கக் கூடாது. ஆகஸ்ட் மாதம் கால்ட்வெல் சுட்ட ஒரு வாத்தலகி ஏற்கெனவே ஒரு முட்டை இட்டிருந்தது. இன்னொன்று வெளியே வரும் நிலையில் இருந்தது. மோனோட்ரீம்கள் முட்டையிடும், அந்த முட்டை பறவை முட்டை மாதிரி வளரும் என்ற செய்தியை நான்கே சொற்களில் தந்தியாக அனுப்பினார். செப்டம்பர் 2ஆம் திகதி, கனடாவின் மொன்றியலில் கூடியிருந்த விஞ்ஞானிகள் சபையில் அது வாசிக்கப்பட்டது.

அதே செப்டம்பர் 2ஆம் திகதி, அடிலெய்டில் வில்ஹெல்ம் ஹாக்கே என்பவர், எக்கிட்னாவின் வயிற்றுப் பையில் தான் கண்ட முட்டையோட்டை அங்கிருந்த அறிஞர்களுக்குக் காட்டினார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது!

அந்த முட்டை எப்படி இருக்கும்? ஒன்றரை சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. கோழிமுட்டை போல ஓடு கடினமாக இருக்காது, தோல் மாதிரி மெதுவாக இருக்கும். வாத்தலகித் தாய் வளைக்குள் வாலை மடக்கி, முட்டையை வயிற்றோடு அணைத்துச் சுமார் பத்து நாள் சூடு கொடுக்கும். வெளியே வரும் குஞ்சு (குட்டி என்பதா, குஞ்சு என்பதா என்று நீங்களே சண்டை பிடியுங்கள்) அவரை விதை அளவுதான் இருக்கும். அது மூன்று நான்கு மாதம் தாயின் வயிற்று மயிரில் கசியும் பாலைக் குடித்து வளரும். இன்று உயிரோடு இருக்கும் மோனோட்ரீம்கள் ஐந்தே இனம்: வாத்தலகி ஒன்று, எக்கிட்னா நான்கு. எல்லாம் அவுஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும்தான்.

கால்ட்வெல் சேகரித்தவை வெகுகாலம் பட்டியலில் ஏறாமல், எங்கே என்று தெரியாமல் கிடந்தன. சில வருடங்களுக்கு முன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியக ஊழியர்கள் தேடிப்பார்த்தபோது ஒரு சின்னப் பெட்டி அகப்பட்டது. உள்ளே சிறு சிறு கண்ணாடிக் குப்பிகளில் அந்த எக்கிட்னாக்களும் வாத்தலகிகளும் இருந்தன.