தரிசு என்று பெயர் வாங்கிய புல்வெளி

சளி பிடித்தால் தமிழ் வீடுகளில் முதலில் தேடுவது நீலகிரித் தைலக் குப்பியைத்தான். வெந்நீரில் நாலு சொட்டு விட்டு, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஆவி பிடிக்காத குழந்தை அபூர்வம். அந்தத் தைலத்தைத் தரும் கற்பூர மரத்துக்குச் சொந்த ஊர் நீலகிரி இல்லை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கோடியும் டாஸ்மேனியாத் தீவும். மலையின் பெயரையே தனதாக்கிக்கொண்ட அந்த மரம் வருவதற்கு முன்னால் அதே இடத்தில் என்ன இருந்தது என்பது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

புல் இருந்தது. நீலகிரியின் மேல்மட்டத்தில் அலை அலையாகப் புல்மேடுகள். மேடுகளுக்கு இடையே ஓடை இறங்கும் மடிப்புகளில் மட்டும் சோலை எனப்படும் குட்டைக் காடு. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லை கோடு கிழித்தாற்போல் இருக்கும். அந்தக் கோட்டைப் போடுவதில் உறைபனிக்குப் பெரும் பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரி விடியலில் திறந்த மேட்டில் புல்தாளெல்லாம் உப்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். சோலையிலிருந்து தப்பித்தவறி அங்கே விழுந்து முளைத்த கன்று, வெயில் ஏறியதும் சுட்ட இலைபோலக் கருகிவிடும். புல்லோ மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் உயிரை வைத்திருந்து, மழை விழுந்ததும் தளிர்க்கும்.

இந்த நிலத்தில் எருமை மேய்த்தவர்கள் தோடர்கள். ஊட்டகமண்ட் என்று வெள்ளையர் எழுதிய பெயரின் கடைசித் துண்டு, தோடர் குடியிருப்பைக் குறிக்கும் மந்து என்ற சொல்தான். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற அவர்களுடைய வீட்டுக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். வாசல் அவ்வளவு தாழ்வு. வளைந்த கூரைக்கு மூங்கிலும் பிரம்பும் புல்லும். கோயிலாகவே விளங்கும் பால்மனைக்குக் கூரை வேயச் சதுப்பு ஓரங்களில் வளரும் குறிப்பிட்ட புல்தான் வேண்டும். ஆகவே தோடருக்குப் புல்வெளி வெறும் மேய்ச்சல் நிலம் அல்ல, வீடும் வழிபாடும் அதிலிருந்தே வந்தன.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் வீடு எழுந்தது; பின்னாலேயே பங்களாக்களும் படைவீரர் குடியிருப்பும் வந்தன. குளிருக்குக் கணப்பு மூட்ட விறகு வேண்டியிருந்தது. பக்கத்துச் சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் மெள்ள வளர்வது. வெட்டிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. விறகுப் பஞ்சம் வந்தது.

பஞ்சம் தீர்க்க விரைவாக வளரும் மரம் தேடினார்கள். 1843இல் கேப்டன் காட்டன் என்பவர் நீலகிரியின் வெலிங்டனில் கற்பூர மரத்தை நட்டார். ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரமும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்தது. மலைமக்கள் அதைச் சீகை மரம் என்கிறார்கள். 1850களிலிருந்து விறகுக்காகவே தோட்டங்கள் போட்டார்கள். எங்கே போடுவது? மரமும் இல்லை, உழவும் இல்லை என்று தோன்றிய புல்மேட்டில்தான். வருவாய் ஏடு எழுதுபவருக்கு அது தரிசு. இந்த ஒரு சொல் செய்த கேட்டைக் கோடரி செய்யவில்லை.

விடுதலைக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை என்பதுதான் வேதனை. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை தேவைப்பட்டது. செயற்கைப் பட்டு ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் புல்மேடுகளில் ஏக்கர் ஏக்கராக மரக்கன்று நட்டார்கள். நட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மொட்டை மலையைப் பசுமையாக்குகிறோம் என்று உளமார நம்பினார்கள். குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்ப்பிடிப்பில்கூட, மழைநீரைப் பிடித்து மெள்ள விடும் புல்லை அகற்றிவிட்டு மரம் வளர்த்தார்கள். புல்வெளியில் நடுவது 1980களில்தான் ஓயத் தொடங்கியது. பக்கத்துப் பழனிமலையிலும் இதே கதை. 1973க்கும் 2014க்கும் இடையே அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இந்தப் புல்வெளி இயற்கையானதே அல்ல, மேய்ப்பர்கள் காட்டைக் கொளுத்தி உண்டாக்கியது என்று வெகுகாலம் ஒரு வாதம் இருந்தது. அதற்குப் பதில் சேற்றுக்குள் கிடந்தது. நீலகிரிச் சதுப்புகளில் மக்காத செடிகொடிகள் கரிய அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. அங்குள்ள புல்லில் சேரும் கரிமத்தின் தன்மை வேறு, மரத்தில் சேர்வது வேறு. இரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்த அடுக்குகளைச் சோதித்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். உலகம் கடுங்குளிரில் கிடந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் தழைத்திருந்தது. ஈரம் கூடிய காலங்களில் மரம் முன்னேறியிருக்கிறது, வறண்ட காலங்களில் புல் முன்னேறியிருக்கிறது. ஆடுமாடு ஓட்டி மனிதன் மேலே வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்துகொண்டிருந்த ஆட்டம் இது.

புல் போனால் அதை நம்பிய உயிர்களும் போகும். சங்க நூல்கள் வருடை என்று சொல்லும் வரையாடு புல்மேட்டில் மேயும். ஆபத்து என்றால் செங்குத்துப் பாறைக்குத் தாவும். இரண்டும் அருகருகே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. வயதான கிடாவின் முதுகில் வெள்ளிச் சேணம் கட்டியதுபோல் ஒரு பட்டை விழும். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அந்தக் கிடாவைத்தான் குறிவைத்தார்கள். சுட்டுச் சுட்டு இனமே அருகிப்போன நிலையில் 1877இல் வேட்டைக்காரர்களே கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்ததே தவிர, மேய்ச்சல் நிலத்தில் மரம் நடுவதற்கு வரவில்லை. 1975இல் இயற்கை ஆர்வலர் இ.ஆர்.சி. டேவிதார் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக நடந்து கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 2,230 வரையாடுகள் இருந்தன. தமிழ்நாட்டளவில் 2024இல் எண்ணியபோது 1,031, அடுத்த ஆண்டு 1,303. புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி போன்ற சிறு பறவைக்கு இப்படி ஆண்டுதோறும் தலை எண்ணுவார் இல்லை. சீகை நிழல் விழுந்த மேட்டில் அதற்கு இடமும் இல்லை.

நீலகிரியில் 1990இல் தேசியப் பூங்காவான முக்குருத்தி, 78 சதுர கிலோமீட்டர்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேடு முழுக்க நீலமாகும் குறிஞ்சியும், ரத்தச் சிவப்பில் பூக்கும் காட்டுப்பூவரசும் இன்னும் எஞ்சியிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. இப்போது அந்த மலைகளில் சீகையை வெட்டிவிட்டு, நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர்ப் புல்லைக் கொத்துக் கொத்தாக நடுகிறார்கள். வேலை அத்தோடு முடிவதில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும்; மரம் சாய்ந்து வெயில் பட்டதும் முளைத்துக் கிளம்பும். ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆட்கள் மறுபடி மேடேறி, புதிதாக நட்ட புல்லுக்கு நடுவே குனிந்து, விரல் நீளச் சீகைக் கன்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்குகிறார்கள்.