ஆமைத் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர்: ஊற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஈப்போ, குனோங் ராப்பாட்டில் உள்ள சாம் போ தோங் குகைக் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் அங்குள்ள ஆமைக் குளத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கும் ஓர் ஆமை கேட்பார்கள். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் இந்த ஆமை, வளர்ந்தால் 25 சென்டிமீட்டர் வரை போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும்.

வாங்கிய சில மாதங்களிலேயே கண் வீங்கி, சாப்பிடாமல் கிடந்து இறந்துபோகும் ஆமைகள் பல. அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று தண்ணீர்.

குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது?

பேராக் மாநிலத்தில் குடிநீரை விநியோகிப்பது பேராக் நீர் வாரியம். கிருமிகளைக் கொல்லத் தண்ணீரில் குளோரின் சேர்க்கப்படுகிறது. சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்கலாம். மனிதர்களுக்கு இது பாதுகாப்பானது.

மீனுக்குச் செவுள் இருப்பதால் குளோரின் அதை உடனே பாதிக்கும். ஆமை நுரையீரலால் சுவாசிப்பதால் உடனே சாகாது. ஆனால் கண்ணும் தோலும் எரிச்சல் அடையும். அதைவிட முக்கியமாக, வடிகட்டியில் வளர்ந்து கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாக்களைக் குளோரின் கொன்றுவிடும்.

நம் வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாயில் தண்ணீர் பிரதான குழாயிலிருந்து நேராக வரும். குளியலறைக் குழாய்களில் கூரைத் தொட்டியிலிருந்து வரும். தொட்டியில் தேங்கி வரும் நீரில் குளோரின் சற்றுக் குறைந்திருக்கும். இருந்தாலும் அதை நம்பி அப்படியே ஊற்ற வேண்டாம்.

தண்ணீர்த் தடை ஏற்பட்டு மீண்டும் வரும் நாளில், முதலில் வரும் நீர் கலங்கலாக இருக்கலாம். மருந்து வாடையும் கூடுதலாக இருக்கலாம். அன்று தொட்டி நீரை மாற்றாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, நீர் தெளியும்வரை காத்திருங்கள்.

ஒரு நாள் வைத்திருந்து ஊற்றலாம்

செலவில்லாத வழி இது. வாய் அகன்ற வாளியில் தண்ணீரைப் பிடித்து 24 மணி நேரம் வைத்தால் குளோரின் காற்றில் போய்விடும். வெயில் படும் இடத்தில் வைத்தாலும், காற்றுப் பம்பு போட்டாலும் இன்னும் விரைவாகப் போகும். மூடி போட்ட டிரம்மில் வைத்தால் பலன் குறைவு.

இங்கே டிங்கியை மறக்கக் கூடாது. ஏடிஸ் கொசு பாத்திரத்தின் உட்புறச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். வாளியைக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். காலியானதும் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் விதிக்கப்படலாம். கொசுப்புழுவைக் கொல்ல ஏபேட் மருந்து போட்ட நீரை ஆமைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

குளோரின் நீக்கி மருந்து

வளர்ப்பு மீன் விற்கும் கடைகளில் 'அன்டி குளோரின்' என்ற பெயரில் வெள்ளைக் கற்களாகவோ திரவமாகவோ கிடைக்கும். கற்கள் பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். சில நிமிடங்களிலேயே குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும். பொட்டலத்தில் உள்ள அளவுப்படி, தனி வாளியில் கரைத்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

சில நாடுகளில் குளோரினுக்குப் பதில் குளோராமின் சேர்க்கிறார்கள். அது வாளியில் வைத்தால் எளிதில் போகாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் ஆமை வளர்த்தால், குளோராமினுக்கும் ஏற்றது என்று எழுதியுள்ள திரவத்தை வாங்கச் சொல்லுங்கள்.

தோட்டத்துக் கிணறும் மழைநீரும்

பழைய ரப்பர் தோட்டங்களில் இன்னும் கிணற்று நீரையோ மழைநீரையோ பயன்படுத்தும் வீடுகள் உண்டு. இவற்றில் குளோரின் இல்லை. அதற்காக நல்லது என்று முடிவு செய்துவிட முடியாது.

கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புப் பாறை நிலம். அங்குள்ள கிணற்று நீர் கடினமாக இருக்கும். கெண்டியில் வெள்ளையாகப் படியும். ஆமைக்கு அதனால் கெடுதல் இல்லை. இரும்புச்சத்து கலந்து பழுப்பாக வரும் நீரைத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுங்கள்.

மழைநீர் என்றால் முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவிய பிறகு வரும் நீரைப் பிடியுங்கள். களைக்கொல்லியும் உரமும் போடும் செம்பனை, ரப்பர்க் காடுகளை ஒட்டிய கால்வாய் நீரைத் தொடவே வேண்டாம்.

பெரிய எதிரி அம்மோனியா

குளோரின் ஒரு நாளில் போய்விடும். ஆமையின் கழிவும் மிஞ்சிய தீனியும் ஒவ்வொரு நாளும் சேரும். இவை அழுகி அம்மோனியாவாகும். தெளிவாகத் தெரியும் நீரிலும் அம்மோனியா இருக்கலாம். நல்ல பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும்.

• ஓடு 10 சென்டிமீட்டர் இருந்தால் சுமார் 150 லிட்டர் நீர் தேவை. சிறிய பிளாஸ்டிக் பேசின் போதாது.
• வடிகட்டி இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு முதல் பாதி வரை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும்.
• வடிகட்டிப் பஞ்சை நேரடிக் குழாய் நீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள்.
• தனிப் பாத்திரத்தில் தீனி போட்டால் அழுக்குக் குறையும்.
• சோதனைத் தாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரைச் சூடேற்றும் கருவி பொதுவாகத் தேவையில்லை. ஏறி உடலைக் காயவைக்க ஒரு மேடும் வெயிலும் அவசியம். கண் வீங்கினாலோ, மூக்கில் நுரை வந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்து நீந்தினாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பிள்ளைகள் கவனம்

ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு இதனால் காய்ச்சலும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். அமெரிக்கா 1975இல் 10 சென்டிமீட்டருக்கும் சிறிய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்ததற்கு இதுவே காரணம். தொட்டதும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல் பூச்செடிகளுக்கு ஊற்றுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆமை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

குட்டையில் விடாதீர்கள்

தண்ணீர் மாற்றிச் சலித்துப்போனவர்கள் ஆமையை ஈயக் குட்டையிலோ ஆற்றிலோ விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. பேராக் ஆற்றுக்குச் சொந்தமானது துந்தோங் எனப்படும் ஆற்றாமை. அழிவின் விளிம்பில் உள்ள அதைக் காப்பாற்ற போத்தா கானானில் பெர்ஹிலிதான் இலாகா ஒரு நிலையமே நடத்துகிறது. வெளியிலிருந்து போகும் ஆமை, உள்ளூர் ஆமைகளின் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியாகும், நோயையும் கொண்டுபோகும். வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கக்கூடிய வேறொருவரிடம் கொடுங்கள். வாங்குவதற்கு முன்பே, இருபது ஆண்டுகளுக்கு வாரந்தோறும் தண்ணீர் மாற்ற வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.