மைசூரில் அச்சான ஆகாய விமானம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில், 1898ஆம் ஆண்டிலே, எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர், செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியின்மீது படையெடுத்து வந்து லண்டன் மாநகரை நிர்மூலமாக்குவதாகவும், மனிதனுடைய பீரங்கிகளால் ஆகாத காரியத்தைக் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் செய்து முடித்து உலகத்தை ரட்சிப்பதாகவும் ஒரு நாவலை வெளியிட்டார். அவர் அதைக் கதையென்றே எழுதினார். ஜனங்களும் கதையென்று அறிந்தே வாசித்து, நடுங்கி, மகிழ்ந்தார்கள். அதற்குப் பின் கால் நூற்றாண்டு கழிவதற்குள், நம் தென்தேசத்திலும் அத்தகைய ஆகாயக் கற்பனை ஒன்று உருவாயிற்று. ஆனால் அது சாஸ்திரம் என்ற பெயரோடு பிறந்து, பின்னர் மைசூர் நகரத்தில் அச்சேறி, உலகமெங்கும் உலாவி, இன்றளவும் ஓயாத ஒரு விவாதத்துக்கு வித்தாயிற்று.

மைசூருக்குப் புராதன நூல்களின் விஷயத்தில் ஒரு தனிக் கௌரவம் உண்டு. 1891இல் அங்கே ஸ்தாபிக்கப்பட்ட கீழ்த்திசை நூல் நிலையத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஏட்டுச் சுவடிகளில், கிரந்த லிபியில் எழுதப்பட்டிருந்த ஒன்றை 1905ஆம் ஆண்டில் ஷாம சாஸ்திரியார் பிரித்துப் பார்த்து, அது பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் எனக் கண்டார். 1909இல் அவர் மூலத்தை அச்சிட்டார். 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. ஐயமுற்றவர்கள் சுவடியைக் கண்ணால் காணலாம், லிபியை ஆராயலாம், பிற நூல்களில் வரும் மேற்கோள்களோடு ஒத்துப் பார்க்கலாம். இந்தச் சம்பவத்தால் மைசூர் என்ற சொல்லுக்கே, காணாமற்போன சாஸ்திரங்கள் மீண்டும் கிடைக்கும் இடம் என்றொரு மகிமை வந்து சேர்ந்தது.

நாம் சொல்ல வந்த நூலின் கதை வேறு. 1866இல் ஓசூர் வட்டாரத்து அக்கிரகாரம் ஒன்றில் பிறந்த சுப்பராய சாஸ்திரி என்பவர், இளமையில் பெற்றோரை இழந்து, வறுமையும் நோயும் வாட்ட, ஊர் ஊராக அலைந்து திரிந்து, கோலார்ச் சீமையைச் சேர்ந்த ஆவணி என்னும் ஸ்தலத்தில் மகான் ஒருவரைக் கண்டு அவரிடம் பல வித்தைகளை உபதேசமாகப் பெற்றதாகச் சொல்லிக்கொண்டு, ஆனேக்கல்லில் வந்து குடியமர்ந்தார். அவர் தம்மை மறந்த நிலையில் சுலோகங்களைச் சொல்லச் சொல்ல, வேங்கடாசல சர்மா என்பவர் எழுதிக்கொண்டே வந்தார். 1918 முதல் 1923 வரை இவ்விதம் எழுதப்பட்டதுதான் பரத்துவாஜ மகரிஷி அருளியதாகக் கூறப்படும் வைமானிக சாஸ்திரம். ஏட்டுச் சுவடி என்று ஒன்று இல்லை. சாஸ்திரியாரின் வாய்மொழியே மூலம். அக்காலத்தில் விமானம் நம்மவருக்குப் புதுமையன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1910ஆம் ஆண்டிலேயே சென்னையில் டி ஆஞ்சலிஸ் என்னும் ஹோட்டல் முதலாளி, சிம்ப்ஸன் கம்பெனியார் செய்து கொடுத்த விமானத்தில் பறந்து காட்டியிருந்தார். முதல் உலக யுத்தமோ விமானங்களைப் பத்திரிகை வாசிக்கும் ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

நூலைத் திறந்து பார்ப்பவருக்கு முதலில் உண்டாவது ஆச்சரியமே. சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நான்கு வகை விமானங்கள் அதில் வர்ணிக்கப்படுகின்றன. விமானி அறியவேண்டிய முப்பத்திரண்டு ரகசியங்கள் வரிசையாக வருகின்றன: விமானத்தைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைப்பது ஒன்று, பாம்பைப்போல வளைந்து வளைந்து செலுத்துவது ஒன்று, பகைவர் விமானத்துக்குள் நடக்கும் சம்பாஷணையை ஒட்டுக்கேட்பது ஒன்று, எதிரிகளை மூர்ச்சையுறச் செய்வது மற்றொன்று. விமானி எதை உடுத்த வேண்டும், எந்தப் பருவத்தில் எதை உண்ணவேண்டும் என்பதற்கும் விதி உண்டு. ஸோமகம், ஸௌண்டாலிகம், மௌர்த்விகம் என உலோகங்களுக்கு நாமகரணம் செய்திருக்கும் அழகைப் பார்த்தால், கற்பித்துரைக்கும் ஆற்றலில் இவ்வாசிரியர் வெல்ஸுக்குச் சளைத்தவரல்லர் என்றே சொல்லத் தோன்றும்.

சாஸ்திரியார் 1940இல் காலமானார். பின்னர் மைசூரில் சர்வதேச சம்ஸ்கிருத ஆராய்ச்சிக் கழகத்தை நடத்திவந்த ஜி. ஆர். ஜோஸியர், 1952இல் இக்கையெழுத்துப் பிரதியைப் பத்திரிகை நிருபரிடம் காட்டி, பல்லாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது எனப் பிரகடனம் செய்தார். 1959இல் ஹிந்திப் பதிப்பும், 1973இல் மைசூரிலிருந்து ஜோஸியரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியாயின. சாஸ்திரியாரின் சொற்படி எல்லப்பா என்னும் வரைபடக் கலைஞர் தீட்டியிருந்த படங்களும் அதில் சேர்ந்தன. சுலோகங்களைப் படியாதவர்களையும் மயக்கியவை அப்படங்களே.

மறு ஆண்டே, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா, தேஷ்பாண்டே முதலிய ஐவர் இந்நூலை வரிவரியாக ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரிகாசம் செய்து தள்ளிவிடாமல், சுலோகங்களின் நடையைப் பரிசீலித்து, அது வேத காலத்து நடையன்று, எளிய தற்கால சம்ஸ்கிருதமே என்று காட்டினார்கள். வேங்கடாசல சர்மாவையே நேரில் கண்டு விசாரித்தார்கள். நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும் என நிர்ணயித்தார்கள். வர்ணிக்கப்பட்ட விமானங்களில் ஒன்றுகூடப் பறக்கும் தகுதி உடையதன்று என்பதும், அவற்றின் உந்து முறை பறப்பதற்கு உதவுவதைவிட இடையூறே செய்யும் என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

ஆயினும் நூலின் யாத்திரை நிற்கவில்லை. வேற்றுக் கிரகவாசிகள் ஆதிகாலத்தில் பூமிக்கு வந்து மனிதனுக்கு நாகரிகம் கற்பித்தார்கள் என்று 1968இல் எரிக் வான் டானிக்கன் எழுதிய புத்தகம் மேல்நாடுகளில் பரபரப்பை உண்டாக்கியிருந்தபடியால், அக்கொள்கையினர் மைசூர்ப் பதிப்பைச் சாட்சியாக எடுத்தாண்டார்கள். நம் நாட்டிலோ 2015ஆம் ஆண்டு மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டிலேயே இது பிரமாணமாகக் காட்டப்பட்டுக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே மாநாடு மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கூடிய சமயம், சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வேங்கடராமன் ராமகிருஷ்ணன், அதை ஒரு சர்க்கஸ் என்று கூறி, இனி வருவதற்கில்லை என மறுத்துவிட்டார்.

1963இல் வெளியான 'கலையரசி' என்ற தமிழ்ப் படத்தில், வேற்றுக் கிரகத்தார் இசை கற்பதற்காகப் பூலோகத்துப் பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்வதையும், எம். ஜி. ஆர். அங்கே சென்று அவளை மீட்டு வருவதையும் நம் ஜனங்கள் கண்டு களித்தார்கள். அந்தப் பறக்கும் தட்டு எந்த உலோகத்தால் ஆனது என்று ஒருவரும் வழக்காடவில்லை. கதைக்கு உள்ள சுதந்திரம் அது. சுப்பராய சாஸ்திரியாரின் நூலும் கதையாக வந்திருந்தால், இந்திய விஞ்ஞானப் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவராக அவரை இன்று கொண்டாடிக் கொண்டிருப்போம். சாஸ்திரமாக வந்தபடியால் பரீட்சைக்கு உட்பட்டது, பரீட்சையில் தேறவில்லை. அர்த்தசாஸ்திரத்தை உலகுக்கு அளித்த மைசூருக்கு வைமானிக சாஸ்திரத்தால் புதிய பெருமை எதுவும் சேரவேண்டியதில்லை. சுவையான கற்பனையாக அதைப் படிப்போருக்கு மட்டும் இன்றும் அதில் விருந்து இருக்கிறது.